இல்ல விளையாட்டுப் போட்டியைப் படம் பிடிக்க எந்த லென்ஸ்?

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் ஊடகப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “பழைய மாணவர்கள் கெனன் 1500டி கமரா ஒன்றை 18-55 லென்ஸோடு வாங்கித் தந்தார்கள். பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டியில் எடுத்த படங்களில் பிள்ளைகள் எங்கோ தூரத்தில் புள்ளியாக நிற்கிறார்கள், ஓடுகிறவர்கள் கலங்கித் தெரிகிறார்கள். பாடசாலை மலருக்குப் போட ஒன்றும் தேறவில்லை. நல்லதென்றால் 70-200 எஃப் 2.8 தான் என்கிறார்கள். அதற்குப் பணம் சேர்க்கலாமா, அல்லது மலிவாக வரும் 75-300 ஒன்றை எடுக்கலாமா?”

இரண்டும் வேண்டாம், ரீச்சர். உங்கள் கமராவுக்கும் உங்கள் தேவைக்கும் பொருந்துவது கெனன் 55-250 எஸ்.ரி.எம். (STM என்பது அதன் குவிய மோட்டாரின் பெயர்). 18-55, 55-250 என்பவை மில்லிமீற்றரில் லென்ஸின் குவியத் தூரம்; எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் லென்ஸை 55 வரை இழுத்து, 50 மீற்றருக்கு அப்பால் ஓடும் பிள்ளையை எடுத்தால் படத்துக்குள் விழும் பரப்பு ஏறத்தாழ 20 மீற்றர் அகலம், 13 மீற்றர் உயரம். ஒன்றரை மீற்றர் உயரப் பிள்ளை அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பிறகு கணினியில் வெட்டிப் பெருப்பித்தால் முகம் கரைந்துவிடும். அதே இடத்தில் நின்று 250 மி.மீ. இல் எடுத்தால் படச் சட்டத்தின் உயரம் 3 மீற்றர். பிள்ளை அதில் பாதியை நிறைக்கிறாள். மலரில் அரைப் பக்கத்துக்குத் தாராளமாகப் போடலாம்.

கலங்கலுக்கு வருவோம். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் பந்தலும் கொடியும் தெளிவாக இருந்து, ஓடுகிறவரின் கையும் காலும் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை, அதாவது கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம் கூடிவிட்டது. செக்கனுக்கு 7 மீற்றர் ஓடும் பிள்ளை, 1/125 செக்கனுக்குள் ஐந்தாறு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவாள். 1/1000 செக்கனில் அது 7 மில்லிமீற்றராகக் குறைகிறது. எந்த லென்ஸ் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் அடக்கும், ஓடுகிறவரின் காலை நிறுத்தாது. மாறாக, பின்னணி தெளிவாகவும் பிள்ளை முழுவதும் மங்கலாகவும் இருந்தால் குவியம் (ஃபோகஸ்) தவறியிருக்கிறது.

ஆகவே கமராவின் மேற்சில்லை ‘ரிவி’யில் (Tv, ஷட்டர் வேகத்தை நாமே தீர்மானிக்கும் முறை) வையுங்கள், ஷட்டரை 1/1000க்குக் கொண்டுவாருங்கள், குவிய முறையை ‘ஏஐ சேர்வோ’ (AI Servo, நகர்கிறவரைத் தொடர்ந்து குவியம் பிடிக்கும் முறை) ஆக்குங்கள். உங்கள் கமராவில் ஒன்பது குவியப் புள்ளிகள் உண்டு. அவற்றில் நம்பக்கூடியது நடுப்புள்ளி. அதை மட்டும் தெரிவுசெய்துகொண்டு, ஓடுகிறவரின் நெஞ்சு இலக்கத்தில் வைத்துக்கொண்டே தொடருங்கள். செக்கனுக்கு 3 படம்தான் எடுக்கும் கமரா இது. அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல கணம் இரண்டு படங்களுக்கு நடுவே போய்விடும். கணத்தை எதிர்பார்த்து அமுக்கப் பழகுவது நல்லது.

இனி அந்த எஃப் 2.8 விடயம். எஃப் எண், லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது; எண் சிறிதானால் வாய் பெரிது. 55-250 ஐ 250 வரை இழுத்தால் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 5.6 ஐ விட எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், உண்மை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் உதைபந்தாட்டம் எடுப்பவருக்கு அது தேவை. ஆனால் உங்கள் போட்டி மதியத்துக்குப் பிறகு, திருகோணமலை வெயிலில் நடக்கிறது. அந்த வெயிலில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 200 வைத்தாலே எஃப் 5.6 இல் 1/1600 கிடைக்கும். ஐந்தரை மணிக்கு வெயில் சாய்ந்த பிறகும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்றினால் சமாளிக்கலாம். சூரியன் இறங்கிய பின்தான் சிரமம். அஞ்சல் ஓட்டமும் கயிறிழுத்தலும் பிந்திப்போய் ஆறு மணியைத் தாண்டினால் 3200, 6400 வரை போகவேண்டிவரும், படத்தில் மணல் தூவினாற்போல் பொரி தெரியும். மலருக்கு அது பெரிய குறையல்ல. கலங்கிய படத்தை விடப் பொரிந்த படம் எவ்வளவோ மேல். இன்னொன்று, 70-200 எஃப் 2.8 ஒன்றரைக் கிலோ. 55-250 எஸ்.ரி.எம். 375 கிராம். கமராவைப் பிடிக்கப் போவது உங்கள் ஊடகப் பிரிவுப் பிள்ளைகள் என்றால் இதை யோசியுங்கள்.

75-300 ஐ ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் நடுக்கத் தடுப்பு இல்லை, குவியம் மெதுவாக நகரும், 300 இல் படம் சோர்ந்துபோகும். விலைக்காக எடுத்துவிட்டு அடுத்த வருடம் மூலையில் போடும் லென்ஸ் அது. 55-250 இலும் எஸ்.ரி.எம். இல்லாத பழைய ‘ஐஎஸ்’ (நடுக்கத் தடுப்பு) வகைகள் சந்தையில் உண்டு. லென்ஸின் மேல் எஸ்.ரி.எம். என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். குவியம் பிடிப்பதில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கெனனின் புதிய ‘ஆர்எஃப்’ லென்ஸ்கள் உங்கள் கமராவில் பொருந்தவே பொருந்தாது.

லென்ஸுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது நிற்கும் இடத்துக்குக் கொடுங்கள். ஏகாம்பரம் மைதானமோ மெக்கெய்சர் விளையாட்டரங்கோ உங்கள் பாடசாலை முற்றமோ, பின்னேர வெயில் மேற்கிலிருந்து வரும். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்றால் பிள்ளைகளின் முகம் தெளியும். விருந்தினர் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்பது வசதிதான், ஆனால் அங்கிருந்து முக்கால்வாசிப் படங்களும் முதுகும் நிழலுமாகத்தான் வரும். பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஓட்டம் முடியும் கோட்டுக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் அப்பால், தடத்துக்குச் சற்று வெளியே, ஒரு முழங்காலை ஊன்றிக் குந்துங்கள். நேரே உங்களை நோக்கி வருகிறவர்களின் முகத்தில் உள்ள முயற்சி அத்தனையும் கிடைக்கும். கீழிருந்து பார்ப்பதால் பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்களும் மறையும்.

அஞ்சல் ஓட்டத்தில் நான் எப்போதும் மூன்றாவது கோல் மாற்றத்துக்குப் போய்விடுவேன். 4 × 100 இல் மாற்றும் வலயம் 30 மீற்றர். கோல் மாறுவது பெரும்பாலும் அதன் பிற்பகுதியில். அங்கே குவியத்தை வைத்துக் காத்திருந்தால், ஒருத்தி கையைப் பின்னால் நீட்டியபடி ஓடுவதும் மற்றவள் கத்திக்கொண்டே கோலைத் திணிப்பதும் ஒரே சட்டத்துக்குள் விழும். வென்றவர் கோட்டைத் தாண்டும் படத்தை எல்லோரும் எடுப்பார்கள். இந்தப் படத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் பத்து வருடம் கழித்தும் தேடுவார்கள். நீளம் பாய்தலுக்கு மணற்குழியின் மறுமுனையில், நடுவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில் இருங்கள். எறிதல் போட்டிகளில் விழும் பக்கம் ஒருபோதும் போகவேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம்.

கொதிக்கும் வெயிலில் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியை 250 இல் எடுத்தால், தரையிலிருந்து எழும் அனல் காற்று படத்தை நெளியவைக்கும். லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிட்டப் போய் எடுத்தால் சரியாகிவிடும்.

உள்ளரங்குப் பூப்பந்தாட்டமும் பரிசளிப்பு மேடையும் வேறு கதை. அங்கே 55-250 திணறும். பிறகு கொஞ்சம் பணம் சேர்ந்தால் 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், பத்து மீற்றரில் நிற்கும் பிள்ளை தலை முதல் கால் வரை சட்டத்தை நிறைப்பாள். அதுவும் கட்டாதென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.ரி.எம். போதும், இன்னும் கிட்ட நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

பாவித்த லென்ஸ் எடுப்பதானால் கைப்பேசி வெளிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்தால் சரித்துச் சரித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, எவ்வளவு குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள். சூம் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள். கரகரத்தால் உள்ளே மணல். நம் ஊர்க் கடற்காற்றில் இவை இரண்டும் சாதாரணம். வாங்கியதைப் பாடசாலை இரும்பு அலுமாரிக்குள் துணிப்பையோடு பூட்டிவைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மைதானத்தால் வந்ததும் முதலில் காற்றூதியால் புழுதியை ஊதித் தள்ளிவிட்டு, அதன் பிறகே துணியைத் தொடுங்கள்.