2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இன்றைய இயங்குதளம் ஓடுமா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி, 2 ஜிபி ராம், அதில் இன்றைய இயங்குதளம் ஒன்றைப் போட்டு அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடைக்குப் போடாதீர்கள். இதே கேள்வியோடு நான் ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

என் அக்கா 2012-இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியது, எங்கள் வீட்டுப் பரணில் துணியில் சுற்றிக் கிடந்தது. 2 ஜிபி ராம், சுழலும் வன்தட்டு. அம்மா தன் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். நோட்டில் எழுதுவதைக் கணினியில் ஏற்ற வேண்டும், தமிழில் கடிதம் தட்டச்சு செய்ய வேண்டும், வங்கித் தளத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவருடைய தேவை.

முதலில் விண்டோஸ் 10 போட்டேன். 64-பிட் பதிப்புக்கு 2 ஜிபி போதும் என்பதுதான் அதிகாரப்பூர்வமான குறைந்தபட்ச அளவு. நிறுவலும் சிக்கலின்றி முடிந்தது. ஆனால் கணினி எழுந்து நின்றதுமே நினைவகத்தில் முக்கால் பங்குக்கு மேல் போயிருந்தது. உலாவியைத் திறந்தால் வன்தட்டின் விளக்கு அணையவே இல்லை. பழுது பார்க்கும் கடை ஒன்றில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். மதர்போர்டுக்கு எதுவும் ஆகவில்லை.

நடந்தது இதுதான். நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் அதில் ஒரு பகுதியை வன்தட்டில் கொண்டுபோய் வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். சுழலும் வட்டில் அதே வேலைக்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு. நினைவகத்தில் ஒரு நொடி ஆகும் வேலை வட்டில் ஒரு பகல், ஓர் இரவைத் தாண்டிப் போவதற்குச் சமம். நாம் 'கணினி கிழடாகிவிட்டது' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். செயலி (பிராசசர்) பாவம், சும்மா நிற்கிறது.

ஆகவே வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) பொருத்துங்கள். 120 ஜிபி தாராளம். நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். வீட்டிலேயே நான்கு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். நினைவகத்துக்கு இரண்டாவது இடம் காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள். அதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை. வாங்கும் முன் உங்கள் கணினி ஏற்கும் ராம் வகை டிடிஆர்2-ஆ, டிடிஆர்3-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் பொதுவாக 1.5 வோல்ட் கணினியிலும் வேலை செய்யும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் கணினியில் 1.5 வோல்ட் ராம் வேலை செய்யாது. சில செயலிகளுக்கு உச்சவரம்பும் உண்டு. இன்டெல் ஆட்டம் என்450 செயலி போட்ட குட்டிக் கணினிகளில் 2 ஜிபிக்கு மேல் ஏற்றவே முடியாது. எங்கள் கணினியில் இரண்டாவது இடம் வேலை செய்யவில்லை, அதனால் 2 ஜிபியோடுதான் நின்றேன்.

அடுத்தது இயங்குதளம். நான் டெபியன் 12 போட்டேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பல வகைகளில் ஒன்று அது. அந்த மடிக்கணினியோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. எந்த லினக்ஸ் என்று பெயரை வைத்து மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். என் அனுபவத்தில் பெயரைவிட மேசைச்சூழல்தான், அதாவது திரையில் நாம் காணும் பட்டியல், சாளரங்களைத் தரும் பகுதிதான் முக்கியம். க்னோம் என்ற கனமான சூழல் வேண்டாம். எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான சூழல் போதும். எல்எக்ஸ்கியூடியில் எங்கள் கணினி எழுந்தவுடன் ஏறத்தாழ 400 எம்பிதான் எடுத்தது. டெபியனை நிறுவத் தயக்கமாக இருந்தால் லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸைப் போடுங்கள், அதிலும் எல்எக்ஸ்கியூடிதான்.

நிறுவியதும் இசட்ராம் என்ற வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். எனக்கு இதன் மேல் தனிப் பற்று உண்டு. நிரம்பும் நினைவகத்தை வட்டுக்கு அனுப்பாமல், நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கிறது இது. துணியைக் கசக்கித் திணிப்பதற்கும் மடித்து அடுக்குவதற்கும் உள்ள வேறுபாடு. பொதுவாகத் தரவு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்குகிறது. பதிலுக்குச் செயலிக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனால் அது சும்மாதானே நின்றுகொண்டிருந்தது? இது 2014-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கருவில் (கெர்னல்) சேர்ந்துவிட்டது. ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே இயக்கி வைக்கிறது. டெபியனில் நாமாகப் போட வேண்டும், ஒரு சிறு தொகுப்பு, ஐந்து நிமிட வேலை.

இனி உண்மையான பசிக்காரனுக்கு வருவோம். அது உலாவி. இயங்குதளத்தில் அரும்பாடுபட்டு 300 எம்பி மிச்சம் பிடித்தால், ஒரே ஒரு செய்தித் தளம் அதை விழுங்கிவிடுகிறது. விளம்பரங்களும் அவற்றோடு வரும் நிரல்களும்தான் பெரும் பங்கு. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற உலாவி நீட்சியைப் போட்ட பிறகு அதே பக்கங்கள் கண்ணெதிரே இலேசாயின. டேப் நான்குக்கு மேல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வீடியோவுக்கு இன்னொரு குறிப்பு: அந்தக் காலத்து வரைகலைச் சில்லுகள் பலவற்றுக்கு ஹெச்.264 என்ற வீடியோ வடிவத்தைத்தான் தாமாக விரிக்கத் தெரியும். இன்றைய வி.பி.9, ஏ.வி.1 வடிவங்கள் வந்தால் பாரம் முழுவதும் செயலியின் தலையில் விழும். ஹெச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சிகள் உள்ளன, அவற்றில் ஒன்றைப் போட்டு 480பி-யில் பாருங்கள்.

ராம் குறைவு என்றால் 32-பிட் பதிப்புதான் (பழைய வகைச் செயலிகளுக்கானது) போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அந்தப் பாதை அடைபட்டு வருகிறது. லினக்ஸில் 32-பிட் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் கணினியில் நிறுவுவதற்கான கோப்பே இல்லை. செயலி 64-பிட் என்றால் அதையே போடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. குறுக்கு வழியில் போட்டாலும், அதன் 24ஹெச்2 பதிப்பு கோர் 2 டுவோ போன்ற பழைய செயலிகளில் தொடங்கவே தொடங்காது. இணையத்தில் யாரோ வெட்டி ஒட்டித் தரும் 'இலேசான விண்டோஸ்' கோப்புகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. அந்தக் கணினியில்தான் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டப் போகிறோம்.

ஒரு சின்ன விஷயம், என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. விண்டோஸில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்றே உலாவி சொன்னது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் மின்கலம் தீர்ந்து, கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ் எதுவும் செல்லாது. பரணிலிருந்து இறக்கிய கணினி என்றால் அந்த மின்கலத்தை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

இப்போது அம்மா தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார், லிபர் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் குழுவின் கணக்கைப் போடுகிறார். காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே கணக்கையும் திறந்தால் கணினி திணறுகிறது, அதை நான் மறைக்க மாட்டேன். அழைப்புக்குக் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார். உங்கள் கணினியின் செயலி எது, இரண்டாவது ராம் இடம் இருக்கிறதா என்று சொல்லுங்கள், எதைப் போடலாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.