தாத்தா எப்போ வருவார்?

அன்புள்ள ஐயா,

நான் திருவையாற்றில் இருக்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் பெரிய மஞ்சள் பறவை பிக் பேர்ட் என்றால் அவளுக்கு உயிர். ஆடி மாதம் என் மாமனார் தவறிவிட்டார். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்தோம். தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தாத்தா எப்போ வருவார் என்று கேட்கிறாள். பிக் பேர்டுக்குப் பிடித்த ஒரு பெரியவர் இறந்துபோகும் பகுதி ஒன்று உண்டு என்று தோழி சொன்னாள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அதைக் காட்டலாமா? பயந்துவிட மாட்டாளா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் நீங்களும் உங்கள் கணவரும் அவளை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தா இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

தோழி சொன்னது சரிதான். 1969இல் அந்த நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்தே கதை நடக்கும் தெருவில் கடை வைத்திருந்த பெரியவர் ஹூப்பர். அந்த வேடத்தில் நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். கடையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் குழந்தை மனநல வல்லுநர்களைக் கலந்து பேசி, இறந்துவிட்டார் என்றே சொல்ல முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அமெரிக்காவில் அது பண்டிகை நாள். பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள் என்றுதான் அந்த நாள்.

பிக் பேர்ட் எல்லோரையும் படம் வரைந்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறது. ஹூப்பர் படம் மட்டும் கையில் மிச்சம். அவர் இறந்துவிட்டார் என்று முன்பே சொன்னோமே என்கிறார்கள் தெருவில் இருக்கும் பெரியவர்கள். ஆமாம், ஞாபகம் இருக்கிறது, திரும்பி வந்ததும் கொடுத்துக்கொள்கிறேன் என்கிறது அது. உங்கள் மகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது இந்த இடத்தில்தான். வரவே மாட்டார் என்று பொறுமையாகத் திரும்பவும் சொல்கிறார்கள். அப்போது அது கேட்பதை என்னால் மறக்க முடியவில்லை. இனிமேல் எனக்கு மில்க் ஷேக் யார் போட்டுத் தருவார், கதை யார் சொல்வார்? கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். கதை சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள். ஹூப்பர் பெயரைத் தப்பாகச் சொல்வது அதன் வழக்கம். அன்றும் தப்பாகவே சொல்கிறது. கண் கலங்கத் திருத்துகிறார்கள்.

எட்டடிக்கு மேல் உயரம் என்றாலும் பிக் பேர்ட் ஆறு வயதுப் பிள்ளை. அதற்குள் நின்று, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அலகை அசைத்தவர் கேரல் ஸ்பின்னி. ஒரு குழந்தையை நடிக்க வைத்து இதையெல்லாம் கேட்கச் சொல்லியிருந்தால், பார்க்கிற பிள்ளை மிரண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பொம்மை கேட்டதால் நெஞ்சோடு நெருங்கி உட்கார்ந்து கேட்க முடிகிறது.

நம் பக்கத்துப் பொம்மைகளும் சாவைப் பிள்ளைகளிடம் மறைத்ததில்லை. கும்பகோணம் பக்கம் பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன் கதை ஆடுவார்கள். கல்யாண முருங்கையில் செய்த பொம்மைகள். பெரியது நாலரை அடி உயரம், பத்துக் கிலோ கனம் இருக்கும். ஆட்டுகிறவர் தலையில் மாட்டிய வளையத்திலிருந்து கயிறு இறங்கும். கோயில் திருவிழாவில் அதைப் பார்த்தபோது எனக்கு ஆறு வயது. லோகிதாசனைப் பாம்பு கடித்ததும் பாட்டி மடியில் கிடந்து அழுதேன். யாரும் என் கண்ணைப் பொத்தவில்லை. ஆனால் லோகிதாசன் கடைசியில் எழுந்துவிடுவான்.

அடுத்த வருஷம் என் தாத்தா இறந்தார். என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, தாத்தா காசிக்குப் போயிருக்கார் என்றார்கள். திரும்பி வந்தால் கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஊருக்குப் போனவர் படத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள் என்று அந்த வயதிலும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன்தான் உண்மையைச் சொன்னான். லோகிதாசன் மாதிரி தாத்தாவும் எழுந்துவிடுவாரா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. வீட்டில் எல்லோரும் எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அப்பா தஞ்சாவூருக்குப் புறப்பட்டால்கூடச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். ஊருக்குப் போகிறவர்கள் வருவதில்லையே. உங்கள் மகளுக்கும் இந்தப் பயம் வந்துவிடக் கூடாது.

அந்தப் பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். அழுதால் அழட்டும். உங்களுக்கு அழுகை வந்தாலும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. தாத்தா அவளுக்கு என்னவெல்லாம் செய்தார்? சாயங்காலம் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு அழைத்துப் போனாரா? வரும் வழியில் அசோகா அல்வா வாங்கித் தந்தாரா? இனி அதை யார் செய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு அவளிடம் போங்கள். அவள் கேட்பாள்.