பரணிலிருந்து இறங்கிய ரீல் டெக்: முதலில் எந்த டேப்பைப் போடுவது?

கேள்வி: தாத்தாவின் ரீல் டேப் டெக் இருபது வருடத்துக்கும் மேலாகப் பரணில் கிடந்தது. அவர் பேசிப் பதிந்த டேப்புகளும் கூடவே இருக்கின்றன. பிளக்கைச் சொருகிப் போட்டுக் கேட்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டெக் கெட்டுப்போனால் சரிசெய்துகொள்ளலாம். அது தாத்தாவின் டேப்பைத் தின்றுவிட்டால் அவ்வளவுதான். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஏதாவது ஒரு டேப்பை வைத்துத்தான் டெக்கைச் சோதிக்க வேண்டும்.

பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். பல பழைய டெக்குகளில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்கான டெக் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பேச்சு இழுவையாகக் கேட்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களும் வயதானவை. புகை வந்த பிறகு வருந்துவதைவிட, முதல் முறை மெக்கானிக் முன்னால் போடுவதே நல்லது.

டேப் போகும் வழி முழுவதையும், குறிப்பாக ஹெட்டையும் (டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) கேப்ஸ்டனையும் (டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் உலோகத் தண்டு), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் பிசுபிசுவென்று இளகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சரி, இனி டேப். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அநேகமாக அது அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆன டேப்; எளிதில் முறியும், புளிக்காடி வாடைகூட வரலாம். ஒளி புகாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்ற இன்னொரு பிளாஸ்டிக். அதில் 1970, 80களில் வந்த, முதுகு கறுத்து மங்கலாக இருக்கும் சில ரகங்கள்தான் வில்லன்கள். காந்தத் துகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஓடும்போது கிறீச்சிட்டு, ஹெட்டில் பழுப்பாக அப்பும். அப்படி நடந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து இதைத் தற்காலிகமாகச் சரிசெய்வார்கள். அது தெரிந்தவர் கையில் நடக்க வேண்டிய வேலை, சமையலறை அவனில் வேண்டாம். அசிடேட் டேப்புக்கு அந்தச் சூடே ஆகாது.

எல்லாம் சரியாக இருந்து தாத்தாவின் டேப்பை ஏற்றும் நாளில், வெறுமனே கேட்டுப் பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவாகட்டும். பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். டேப்பின் மறுபக்கப் பதிவு அது, உங்கள் டெக்கின் ஹெட் அகலம் டேப்பில் பதிந்த தடத்தோடு ஒத்துப்போகவில்லை.