நீரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் அலைகளின் வரிசை (அலைவரிசை) ஒன்று ‘இருக்கிறது’ என்றால் அது ‘நிலையானது’ என்று அர்த்தமா?

இல்லை. ஒரே உருவம், ஒரே இடைவெளி, ஒரே வேகம் என வரிசையாக ஓடுவதே சீரான அலைவரிசை. கீழ்பவானி வாய்க்கால் மாதிரி ஆழம் குறைந்த நீரில் அலையின் உயரமான பகுதி வேகமாக ஓடி முன்பக்கத்தைச் செங்குத்தாக்கப் பார்க்கும். நீள அலையும் குட்டை அலையும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் அதே மேடு பரவவும் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரி நின்றால் உருவம் மாறாது. அப்படிப்பட்ட அலைவரிசை உண்டு என்று டச்சுக் கணிதவியலாளர்கள் கோர்ட்டவெக்கும் டி விரீசும் 1895இல் சமன்பாடு எழுதிக் காட்டினார்கள்.

சரி, நிலைக்குமா? திண்ணையில் உலக்கையை நட்டமாக நிறுத்தலாம். நிற்பது உண்மைதான், ஆனால் கோழி உரசினால் போச்சு. ஆழ்கடல் அலைவரிசையும் அப்படித்தான், சின்னக் கலக்கம் வளர்ந்து சீரைக் கெடுத்துவிடும் என்று ஆய்வாளர்கள் பெஞ்சமினும் ஃபேரும் 1967இல் காட்டினார்கள்.

நிலையற்றது என்றால் அலையே அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது, சீர் குலைந்து கூட்டம் கூட்டமாகப் பிரியும், சிலது முன்பைவிட உயரமாகவே எழும்.