டீசல் காருக்கு வந்த பெட்ரோல் மேனுவல்: பணம் திரும்புமா?

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறேன். பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2015-ல் வாங்கிய டீசல் காரை இன்னும் பத்து வருடமாவது ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுவேன். பெரிய வேலைக்குத் தெருமுனையில் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கிறார். கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவல் (பழுதுபார்க்கும் கையேடு) கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "டீலருக்கு மட்டும்தான் சார், வெளியே தர மாட்டோம்" என்றார்கள். பிறகு ஓர் இணையதளத்தில் "ஒரிஜினல் ஃபேக்டரி சர்வீஸ் மேனுவல், வாழ்நாள் டவுன்லோட்" என்று பார்த்து, யுபிஐயில் 2,400 ரூபாய் கட்டினேன். வந்த பிடிஎஃப், என் காரின் பெயரிலேயே வெளிநாட்டில் விற்ற பெட்ரோல் மாடலுக்கானது. ஸ்பார்க் பிளக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் எட்டுப் பக்கம். என் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதோ ஒரு டீலர்ஷிப்பின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. மூன்றே மாதத்தில் டவுன்லோட் லிங்க்கும் செத்துப்போனது. கேட்டால், "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை" என்று ஒரு வரி பதில். வழக்குப் போடலாமா? இதற்கிடையில் நண்பர் ஒருவர், சரியான மேனுவலையும், காரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் சாஃப்ட்வேரையும் பென் டிரைவில் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? மெக்கானிக் தம்பிக்கும் ஒரு காப்பி கொடுக்கலாமா?

பதில்: பணத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

"ரீஃபண்ட் இல்லை" என்று விற்பவர் தன் இணையதளத்தில் எழுதிவைத்துக்கொண்டால் அது சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020, டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கவோ, பணத்தைத் தர மறுக்கவோ கூடாது என்பது அந்த விதிகளில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) இப்படி மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அளவு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். "வாழ்நாள் டவுன்லோட்" என்று சொல்லி மூன்று மாதத்தில் லிங்க்கை எடுத்தது தவறான விளம்பரம் என்ற தனிக் குற்றச்சாட்டு. பிடிஎஃப் என்பது சரக்கா, சேவையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதம் கிளப்பக்கூடும். கவலை வேண்டாம். சரக்கு என்றால் குறைபாடுள்ள சரக்கு, சேவை என்றால் சேவைக் குறைபாடு என்று மனுவில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. பழைய 1986 சட்டத்தில் அந்தத் தொல்லை இருந்தது. இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. உங்களுக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை (இதை எழுதுவதற்காக என் சக வக்கீல்கள் என்னைத் திட்டுவார்கள்). மனுவை இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது பிரிவு 69.

ஆனாலும் நேராக ஆணையத்துக்கு ஓடாதீர்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்படி ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2,400 ரூபாய் விவகாரங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஆணையம் வரை போனால் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட நீளும். அந்தப் பொறுமை உங்களுக்கு உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தளத்தில் முகவரியும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் யுபிஐ ஐடி மட்டும்தான் என்றால் அது வேறு கதை. 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. என் கட்சிக்காரர் ஒருவர் இதே மாதிரி மேனுவல் வாங்கி, அதில் கண்ட டார்க் அளவை (எவ்வளவு இறுக்கமாக முறுக்க வேண்டும் என்ற கணக்கை) நம்பி, என்ஜின் ஆயிலை வடிக்கும் சம்ப் பிளக்கை முறுக்கி, அதன் திருகு மரையைத் தேய்த்துவிட்டார். நல்ல கேஸ். ஆனால் அவர் என்னிடம் வருவதற்குள் விற்றவர் விளம்பரத்தையே மாற்றிவிட்டார். "எல்லா மாடலுக்கும்" என்று இருந்த வரி "குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும்" என்று ஆகியிருந்தது. பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கட்சிக்காரரிடம் இல்லை. கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. ஆகவே விளம்பரப் பக்கம், பணம் போன ரசீது, செத்த லிங்க் காட்டும் பிழைச் செய்தி, அவர்கள் அனுப்பிய ஒருவரி பதில் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி சேமியுங்கள். 1.7.2024 முதல் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஒன்றையும் இணைத்துவிட்டால், சான்றிதழ் இல்லை என்று பின்னால் யாரும் ஆட்சேபிக்க முடியாது.

பக்கத்தின் அடியில் டீலர்ஷிப் பெயர் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கம்பெனியின் தளத்தில் லாகின் உள்ள ஒருவர் எடுத்த பிரதியை யாரோ ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. மேனுவல் ஓர் இலக்கியப் படைப்பு. 'இலக்கியம்' என்றால் கவிதை, நாவல் என்று நினைக்காதீர்கள், டார்க் அட்டவணையும் பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கில் அதில்தான் சேரும். அனுமதியில்லாமல் விற்பவருக்கு 1957 சட்டத்தின் பிரிவு 63-ன்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஒரிஜினல் என்று நம்பி ஏமாந்து வாங்கிய நீங்கள் புகார் கொடுப்பதால் உங்கள் மேல் எதுவும் பாயாது. "பதிப்புரிமைக் கேஸ் வரும்" என்று அவர்கள் மிரட்டினால், அந்த மிரட்டலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் இப்போது உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இனி அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் 'எச்சரிக்கைக்காக' என்று போடவும் வேண்டாம்.

பென் டிரைவுக்கு வருகிறேன். "டெல்லிப் பல்கலைக்கழக போட்டோகாப்பி வழக்கில் காப்பி எடுக்கலாம் என்று தீர்ப்பு வந்ததே" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, பாடம் நடத்துவதற்காகப் புத்தகப் பக்கங்களைக் காப்பி எடுத்து மாணவர்களுக்குத் தொகுப்பாகத் தயாரிப்பதைப் பற்றி. அதற்குத் தனி விதிவிலக்கு சட்டத்தில் இருக்கிறது. கார் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(அ) சொந்த உபயோகத்துக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது என்பது உண்மை. முறையாக வாங்கிய மேனுவலிலிருந்து நீங்கள் வேலை செய்யப் போகும் நாலு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து கேரேஜ் சுவரில் ஒட்டினால் யாரும் கேட்க முடியாது. பல ஆயிரம் பக்கத்தை மொத்தமாக நண்பரிடமிருந்து இறக்கிக்கொள்வதை 'நியாயமான' என்ற சொல்லுக்குள் அடைக்க நான் முயல மாட்டேன்.

ஸ்கேனர் சாஃப்ட்வேர் இதைவிடச் சூடான விஷயம். கிராக் செய்த (பூட்டை உடைத்து, லைசென்ஸ் இல்லாமல் ஓட வைத்த) மென்பொருளைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் பிரிவு 63பி: குறைந்தது 7 நாள் சிறை, அதிகபட்சம் மூன்று வருடம், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்று நிரூபித்தால், சிறை இல்லாமல் 50,000-க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கலாம். கூலி வாங்கி வேலை செய்யும் மெக்கானிக் தம்பிக்குக் கிடைக்காது. நல்லது செய்வதாக நினைத்து அவரை நீங்கள் மாட்டிவிடக் கூடாது. உங்கள் கார் அவர் கடையில் நிற்கும்போது உங்கள் டேப்லெட்டை நீட்டி, "தம்பி, இந்தப் பக்கத்தைப் பார்த்து முறுக்கு" என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. கோப்பையே கொடுத்து, அவர் வருகிற காருக்கெல்லாம் வைத்துக்கொள்வதுதான் மீறல்.

அப்படியானால் ஒழுங்கான வழி என்ன? 25.8.2014 அன்று இந்தியப் போட்டி ஆணையம் (சந்தையில் நியாயமான வணிகப் போட்டியைக் காக்கும் அமைப்பு) ஷம்ஷேர் கடாரியா என்பவர் கொடுத்த புகாரில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகம், ஸ்கேனர் போன்ற கருவிகள், தொழில்நுட்ப மேனுவல் எல்லாவற்றையும் டீலர் வலைக்குள் பூட்டிவைத்து வெளி மெக்கானிக்குகளைப் பட்டினி போட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். அபராதம் பற்றிய சண்டை மேல்முறையீட்டுக்குப் போனது. கருவிகளையும் பாகங்களையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள் என்பதும், வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுசாக ரத்து செய்யாதீர்கள் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம்.

இதை வைத்துக்கொண்டு "மேனுவல் என் உரிமை" என்று கவுண்டரில் சத்தம் போட்டால் எடுபடாது. அந்த உத்தரவு முக்கியமாக வெளி மெக்கானிக்குகளை மனதில் வைத்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை திறந்த 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு. அதில் உங்கள் கம்பெனி என்ன தகவல் தந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு சர்வீஸ் சென்டரை விட்டுவிட்டு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே எழுதுங்கள். காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் கொடுத்து, இந்த வண்டிக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலும் வயரிங் டயகிராமும் விலைக்குக் கிடைக்குமா, எந்த வழியில், என்ன விலையில் என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் நாளைக்குப் பயன்படும்.

ஐரோப்பாவில் கம்பெனிகள் இந்தத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று 2007-லேயே விதி (எண் 715/2007) வந்தது; 2020 செப்டம்பர் முதல் அந்தக் கடமை 2018/858 என்ற விதியில் இருக்கிறது. அங்கே பல கம்பெனிகள் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் சந்தா விற்கின்றன. அப்படி ஒன்றை நீங்கள் வாங்க நேர்ந்தால், பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கோப்பு என் கையில் நிற்குமா, சந்தா முடிந்ததும் திரை இருண்டுவிடுமா? பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு மணிக்கணக்குச் சந்தா கூடப் போதும், ஆனால் அந்த மணிக்குள் பிடிஎஃப் இறக்க நிபந்தனைகள் அனுமதிக்க வேண்டும். அனுமதிக்காத இடத்தில் பூட்டை உடைத்து இறக்கப் போனால் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 65அ குறுக்கே நிற்கும். நிபந்தனைப் பக்கத்தையும் பில்லோடு சேமியுங்கள், அந்தத் தளம் மூடினால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். இன்னொன்று, வெளிநாட்டு மேனுவல் இந்திய மாடலுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஒரே அட்டவணையில் நியூட்டன் மீட்டர், கிலோ மீட்டர், அடி பவுண்ட் என்று மூன்று அளவு வரும். இதில் கிலோ மீட்டர் என்பது தூரம் இல்லை, கிலோகிராம் விசைக்கணக்கு. 1 கிலோ மீட்டர் ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர். பத்தி மாறிப் படித்தால் போல்ட் கையோடு வந்துவிடும் (பாலிடெக்னிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை!).

குறைதீர் அலுவலருக்கான மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கோபத்தில் அந்த பிடிஎஃப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். டீசல் காருக்கு வந்த அந்த எட்டு ஸ்பார்க் பிளக் பக்கங்கள்தான் உங்கள் முதல் சான்றாவணம்.