எருமைமுக யோகினி

அன்புள்ள ஐயா,

ஆறாவது படிக்கும் என் மகன் எகிப்துப் பாடத்தில் நரித்தலை அனுபிஸ் படத்தைப் பார்த்துவிட்டு, “நம்ம பிள்ளையாரும் அங்கேயிருந்து வந்தவராம்மா?” என்கிறான். மிருகமுகக் கடவுள்கள் எல்லாம் ஆதிமனிதனின் பயத்தில் பிறந்தவை என்று படித்திருக்கிறேன். அப்படித்தானா?

கோமதி, முனிர்கா, புதுதில்லி

அன்புள்ள கோமதி,

இல்லை என்று பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பிள்ளையார் தலைக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது: வெட்டினார்கள், யானைத்தலையை ஒட்டினார்கள். தட்சனுக்கு ஆட்டுத்தலை வந்ததும் அப்படித்தான். அனுபிஸுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே தலை என்பது ஓர் அடையாளம், அவ்வளவுதான். தோத் என்ற தெய்வம் ஓரிடத்தில் அரிவாள்மூக்கன் தலையோடு நிற்கும், இன்னோரிடத்தில் முழுக் குரங்காகவே உட்கார்ந்திருக்கும். (ஹோரஸ் கோபத்தில் தாய் ஐசிஸின் தலையை வெட்ட, தோத் பசுத்தலை வைத்தார் என்று ஒரு கதை மட்டும் உண்டு. நம்மூர்க் கதை மாதிரியே இருக்கும்.)

பயம் என்பது பாதி உண்மை. பாலைவன ஓரத்துக் கல்லறைகளைத் தோண்டுவது நரி. அதையே பிணத்துக்குக் காவல் வைத்துவிட்டார்கள். நீர்யானை படகைக் கவிழ்க்கும், குட்டியிடம் யாரையும் அண்டவிடாது. பிரசவத்துக்குத் துணைநிற்கும் தவெரெத் அந்த உருவில்தான் இருக்கிறாள்: சரிந்த வயிறு, சிங்கக்கால், முதுகில் முதலை.

உத்தரப் பிரதேசத்து லோகரி கிராமத்திலிருந்து திருடுபோய், பாரீசிலிருந்து திரும்பிய பத்தாம் நூற்றாண்டு யோகினி சிலையை (யோகினி என்பது தாந்திரீக வழிபாட்டுப் பெண்தெய்வம்) 2013இல் இங்கே தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். நானூறு கிலோ கல். பெண்ணுடல், எருமைமுகம். கையிலிருக்கும் பழத்தை அன்னம் ஒன்று கொத்துகிறது. பெயர் விருஷானனா. விருஷம் என்றால் காளை, முகமோ சந்தேகமில்லாமல் எருமை!

கூட வந்த என் மனைவி, “மகிஷனா இது?” என்றாள். கேட்டதில் தப்பில்லை. மாமல்லபுரத்துக் குகையில் மனித உடலும் எருமைத்தலையுமாக நிற்கும் மகிஷன்மேல் துர்க்கை வில்லோடு பாய்கிறாள். இங்கே அதே முகத்தோடு தேவியே அமர்ந்திருக்கிறாள். யோகினிகளின் தலைக்கு வெட்டி ஒட்டிய கதையும் சொல்லப்படுவதில்லை. அந்த வகையில் இவள் பிள்ளையாரைவிட அனுபிஸுக்குத்தான் நெருக்கம். மேலே நான் பிரித்துவைத்த கணக்கு இவளிடம் செல்லாது.

அதே லோகரியிலிருந்து போன ஆட்டுமுக யோகினி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடந்தாள். 2022 ஜனவரி 14 அன்று லண்டனில் நம்மவர்களிடம் ஒப்படைத்தார்கள். அன்றைக்குப் பொங்கல்.