இரண்டாவது ஃபில்டரைக் கழற்றலாமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் இருப்பது பெற்றோல் கெப். எயார் ஃபில்டர் பெட்டியின் மூடிக்குள் கறுப்பாக இன்னொரு ஃபில்டர் ரிவெட் அடித்து இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் இழுவை கூடும் என்கிறான் கூட்டாளி. மரக்கறியோடு இறம்பொடை ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. எடுத்துவிடவா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் தம்பி, அதில் கை வைக்காதீர்கள்.

தூசியைப் பிடிப்பது கீழே இருக்கிற பெரிய ஃபில்டர்தான். மேலே இருப்பதில் உள்ளது கரி. எஞ்சினை நிறுத்திய பிறகும் பெற்றோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் முனையிலும், எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயான மேனிஃபோல்டிலும் கொஞ்சம் பெற்றோல் மிஞ்சும். அது சூட்டில் ஆவியாகி, காற்று வந்த வழியாகவே வெளியே கிளம்பும். அதைத்தான் அந்தக் கரி பிடித்து வைக்கிறது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினால், உள்ளே போகிற காற்று அந்த ஆவியை இழுத்துக்கொண்டு போகும், எஞ்சினிலேயே எரிந்துவிடும். அதனால் அதைக் கழுவவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். கலிபோர்னியா போன்ற இடங்களின் கடுமையான விதிகளுக்காக வந்த ஏற்பாடு இது.

இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம பக்கம் வண்டி நிற்கிற இடத்தைப் பாருங்கள்: லயத்துச் சுவரோடு ஒட்டிய தகரக் கொட்டகை, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிற காம்பரா. ஆவி கொஞ்சம்தான் என்றாலும் அந்தக் காற்றில் அது கலக்க வேண்டாம். புகைப் பரிசோதனையில் பார்ப்பது சைலன்சர் புகையை மட்டும்தான், இதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காக எடுத்துவிடலாம் என்று ஆகாது.

என் கராஜுக்கு வந்த ஒரு கெப்பில் ரிவெட்டைத் துளைத்து எடுத்திருந்தார்கள். காற்றை அளக்கிற சென்சாரின் மெல்லிய கம்பியில் பிளாஸ்டிக் சீவல் சுருண்டு ஒட்டியிருந்தது. இழுவை கூடவில்லை, ஐட்லிங்தான் கெட்டது.

திணறலுக்குப் பெரிய காரணம் மலைதான். இறம்பொடை ஏற்றம் போய்ச் சேருகிற நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 வீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சினில் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். எந்த ஃபில்டரைக் கழற்றினாலும் அது திரும்பி வராது.

சரி, செய்யக்கூடியது என்ன? பெரிய ஃபில்டரை எடுத்துப் பின்னால் பல்பைப் பிடித்துப் பாருங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மடிப்பெல்லாம் தூசி அடைத்திருக்கும். வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போடுங்கள். அப்புறம் ஜாக் அடித்து ஒவ்வொரு சில்லையும் கையால் சுற்றுங்கள், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று தெரியும். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் மூட்டையைக் குறைத்து, கியரை முன்கூட்டியே இறக்கி, வண்டியை மலையில் ஏற்றுங்கள்.